எல்லாத்தையும் ஒரே சென்டருக்கு மாத்தலாம்... நடுவுல லைன் கட்டானா என்ன ஆகும்?

2025 ஏப்ரல் 28, மதியம். நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவர்க் விமான நிலையத்தை நோக்கி விமானங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு வழிகாட்டும் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்களின் ரேடார் திரை திடீரென இருண்டது. பைலட்களிடம் பேசும் ரேடியோவும் போச்சு. சுமார் 90 நொடிகள்!

விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால், அந்த அதிர்ச்சியில் கன்ட்ரோலர்கள் சிலர் 45 நாள் விடுப்பில் போனார்கள். ஏற்கெனவே ஒரு ரன்வே பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்ததால், விமான நிலையமே திணறியது. யுனைடெட் ஏர்லைன்ஸ் தினமும் 35 ரவுண்ட் டிரிப்களைக் குறைத்தது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. அந்த கன்ட்ரோலர்கள் உட்கார்ந்திருந்தது நியூவர்க்கிலும் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை. பிலடெல்ஃபியாவில்!

அங்கே ஏன் போனார்கள்?

நியூவர்க் வான்பகுதியை முன்பு பார்த்துக்கொண்டது நியூயார்க் லாங் ஐலண்டில் உள்ள மையம். அங்கே நீண்டகாலமாக ஆள் பற்றாக்குறை. அதனால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, 2024 ஜூலையில் அந்த வேலையை பிலடெல்ஃபியா மையத்தோடு சேர்த்தது.

ஆட்கள் மாறினார்கள், சரி. ஆனால் ரேடார் தகவல் பழைய மையத்திலிருந்து டெலிகாம் லைன் வழியாகத்தான் பிலடெல்ஃபியாவுக்கு வந்தது. ஏப்ரல் 28 அன்று அந்த லைன் விழுந்தது. பேக்கப் லைனும் உடனே கைகொடுக்கவில்லை. மே 9 அதிகாலையில் மறுபடியும் ரேடார் திரை 90 நொடி இருண்டது.

அதற்குப் பிறகுதான் மூன்று புதிய அதிவேக லைன்கள், காப்பருக்குப் பதில் ஃபைபர், தற்காலிக பேக்கப் சிஸ்டம் என எஃப்ஏஏ அறிவித்தது. நல்லதுதான். ஆனால், இடம் மாற்றுவதற்கு முன்னாடியே இதையெல்லாம் முடித்திருக்க வேண்டாமா?

இது முதல் தடவையா?

இல்லை. இதற்கு 18 வருஷம் முன்பே ஒரு பாடம் இருந்தது.

அமெரிக்காவில் 'ஃப்ளைட் சர்வீஸ்' என்று ஒரு சேவை உண்டு. சின்ன விமானம் ஓட்டும் பைலட் கிளம்பும் முன் போன் போட்டால், வழியில் வானிலை எப்படி, எந்தப் பகுதியில் பறக்கத் தடை என்றெல்லாம் சொல்வார்கள். பயணத் திட்டத்தைப் பதிவும் செய்துகொள்வார்கள். குறித்த நேரத்துக்குப் பிறகு அரை மணி நேரமாகியும் தகவல் இல்லையென்றால், விமானத்தைத் தேடும் வேலையும் அங்கிருந்துதான் தொடங்கும்.

2005-ல் இந்தச் சேவையின் 58 நிலையங்களை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் எஃப்ஏஏ ஒப்படைத்தது. 10 ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேல் மிச்சமாகும் என்பது கணக்கு. பெரும்பாலான நிலையங்கள் மூடப்பட்டு, வேலை வர்ஜீனியா, டெக்சாஸ், அரிசோனாவில் உள்ள மூன்று பெரிய மையங்களைச் சுற்றிக் குவிந்தது.

2007-ல் புது சிஸ்டத்துக்கு மாறும்போது புகார்கள் குவிந்தன. போனில் நெடுநேரம் காத்திருப்பு, பாதியில் கட்டாகும் கால், பதிவு செய்த பயணத் திட்டம் காணாமல் போவது... கூடவே இன்னொன்று: போனை எடுப்பவருக்கு அந்த ஊரே தெரியாது. 'அந்தக் கணவாயில் மதியத்துக்கு மேல மேகம் இறங்கிடும், காலைலயே கிளம்பிடுங்க' என்று சொல்ல உள்ளூர்க்காரரால்தான் முடியும். ஆயிரம் மைல் தள்ளி இருப்பவருக்கு, திரையில் இருப்பது மட்டும்தான் தெரியும்.

பயணத் திட்டம் தொலைந்தால், ஏதோ ஒரு ஃபைல் காணோம் என்று விட்டுவிட முடியாது. விமானம் விழுந்தாலும் யாரும் தேடி வர மாட்டார்கள் என்று அர்த்தம். பிறகு நிலைமை சீரானது உண்மைதான். ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களில் ரிஸ்க் முழுவதும் பைலட்கள் தலையில்.

அப்போ ஒன்றிணைப்பே தப்பா?

அப்படிச் சொல்ல முடியாது. சின்னச் சின்ன மையங்களில் ஆள் கிடைப்பதில்லை, கருவிகள் பழசாகிவிட்டன. ஒரே இடத்தில் இருந்தால் பயிற்சியும் தரமும் சீராக இருக்கும். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

என் பிரச்னை வேறு. ஒன்றிணைக்கும்போது கட்டடம் எவ்வளவு மிச்சம், சம்பளம் எவ்வளவு மிச்சம் என்று ரூபாய் கணக்காகப் போடுகிறோம். ஆனால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே தூரம் கூடுகிறது. அந்த தூரத்துக்கான செலவு மட்டும் திட்டத்தில் கடைசி வரியாகவே வருகிறது.

'பேக்கப் இருக்கு' என்று சொன்னால் மட்டும் போதாது. 2023 ஜனவரி 11 அன்று பைலட்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் 'நோட்டாம்' சிஸ்டம் முடங்கி, அமெரிக்கா முழுக்க விமானங்கள் கிளம்புவது நிறுத்தப்பட்டது. காரணம்? மெயின் டேட்டாபேஸையும் பேக்கப்பையும் ஒத்திசைவு செய்யும் வேலையில் ஒப்பந்த ஊழியர்கள் தெரியாமல் ஃபைல்களை நீக்கிவிட்டார்கள். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், தப்பும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்.

நமக்கு இதில் என்ன?

நிறைய இருக்கு. 2025 நவம்பரில் டெல்லியில் விமானத் தகவல்களைப் பரிமாறும் ஏஎம்எஸ்எஸ் சிஸ்டம் பழுதானது. கன்ட்ரோலர்கள் கையால் வேலை பார்க்க வேண்டி வந்து, 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாகின.

அடுத்து வருவது இன்னும் பெரிசு. இந்திய வான்பரப்பு இப்போது டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பகுதிகளாக நிர்வகிக்கப்படுகிறது. கவுகாத்தியில் ஒரு துணைப் பகுதியும் உண்டு. இவற்றை நாக்பூரை மையமாக வைத்து ஒரே வான்பரப்பாக இணைக்கும் 'இஷான்' திட்டத்தை இந்திய விமான நிலைய ஆணையம் முன்னெடுத்துள்ளது. சென்னை கன்ட்ரோலர்கள் இன்று பார்க்கும் வேலையில் எது எங்கே போகும் என்பது அதில் முடிவாகும்.

திட்டம் தொடக்க நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

1. நாக்பூருக்குப் போகும் ரேடார், ரேடியோ லைன்கள் தனித்தனி வழியில் போகுமா? எல்லாம் ஒரே குழிக்குள் பதித்த கேபிள் என்றால் அது பேக்கப் ஆகாது.

2. பழைய மையமும் புதிய மையமும் எத்தனை மாதம் சேர்ந்து இயங்கும்?

3. வங்கக் கடல் புயல் சீசனை வருஷக்கணக்கில் பார்த்த அனுபவம் எப்படிக் கைமாறும்?

4. நாக்பூர் முடங்கினால் சென்னை எத்தனை நிமிடத்தில் பொறுப்பேற்கும்? அதை ஒத்திகை பார்ப்பார்களா?

இந்த நான்குக்கும் பதில் திட்ட அறிக்கையிலேயே எழுதப்பட வேண்டும். எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு அதற்கு அடுத்த பக்கத்தில் வரட்டும்.