பாட்டிக்கு எலெக்ட்ரிக் பிளாங்கெட்டா? திருத்தணிக் குளிருக்கு அரை மணி நேரம் போதும்!

மே மாதம் வந்தால், வெயிலில் சதம் அடித்த ஊர்களின் பட்டியலில் வேலூரோடு போட்டி போடும் பெயர் திருத்தணி. அதே ஊரில் மார்கழி விடியலில் மலையடிவாரம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். சிம்லா, மணாலி மாதிரி உறைபனி கிடையாது. பாதரசம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே 'என்னா குளிரு!' என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அதுவே அதிகம்தான்.

வட இந்தியக் குளிருக்காக விற்கப்பட்ட எலெக்ட்ரிக் பிளாங்கெட், இன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டால் திருத்தணி வீட்டு வாசலுக்கே வந்துவிடும். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளை, 'அம்மாவுக்குக் கால் சில்லிட்டுப் போகுதாம்' என்று வாங்கி அனுப்புவது நல்ல மனசுதான். ஆனால், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. யாருக்கு இந்தப் போர்வை அதிகம் தேவை என்று நினைக்கிறோமோ, அவர்களுக்குத்தான் இதனால் ஆபத்தும் அதிகம்.

டிசம்பர் 31 இரவு நடக்கும் திருப்படித் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த விழா. 365 படிகளிலும் மஞ்சள், குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே பக்தர்கள் மலையேறுவார்கள். வெறுங்காலோடு சில்லென்ற கல்லில் ஏறி இறங்கி வருபவர்களில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களும் இருப்பார்கள். பல வருட சர்க்கரையில் பாதத்து நரம்புகள் மரத்துப் போயிருக்கும். சிலருக்கு, கால் சூடாகவே இருந்தாலும் 'ஜில்லுனு இருக்கு' என்றுதான் தோன்றும். அது குளிர் இல்லை. நரம்பு சொல்லும் பொய். அதை நம்பி ரெகுலேட்டரை 1-லிருந்து 3-க்குத் திருப்பிவிட்டுத் தூங்கினால், தோல் வேகிற வரை காலுக்கே தெரியாது.

'தொட்டால் இதமாத்தானே இருக்கு, எப்படிச் சுடும்?' என்று கேட்கலாம். தோல் புண்ணாக, கொதிக்கும் சூடு வேண்டியதில்லை. 1947-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து சொன்னது: 44 டிகிரி செல்சியஸ் சூடு ஒரே இடத்தில் சுமார் 6 மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோல் வெந்துவிடும். 6 மணி நேரம் என்பது ஒருவர் அசையாமல் தூங்கி எழுகிற நேரம். சர்க்கரை நோயாளியின் காலில் ஒரு சின்னக் கொப்புளம் எங்கே போய் முடியும் என்பதை அந்த வீடுகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படியென்றால் வாங்கியதைத் திருப்பி அனுப்பிவிடலாமா? வேண்டாம். படுக்கையைச் சூடாக்கப் பயன்படுத்தலாம். ஆளைச் சூடாக்க அல்ல. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டுவிட்டு, மேலே ஒரு கம்பளியை மூடிவைத்தால் மெத்தை கதகதப்பாகிவிடும். படுக்கப் போகும்போது ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடலாம். கம்பளிக்குள் அடைபட்ட சூடு தூக்கம் பிடிக்கும் வரை தாங்கும். தூங்கத் தொடங்கும்போது உடம்பே தன் வெப்பத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க அடியில் சூடு இருந்தால் வியர்த்து, நாக்கு வறண்டு, தூக்கம் கெடும். 'ராத்திரி முழுக்கப் போடலாம்' என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும், திருத்தணிக் குளிருக்கு அது தேவையே இல்லை.

கரன்ட் பில் பற்றிய கவலை வேண்டாம். 100 வாட்ஸ் போர்வையைத் தினம் அரை மணி நேரம் போட்டால், மாதத்துக்கு ஒன்றரை யூனிட்தான். 2,000 வாட்ஸ் ரூம் ஹீட்டர் இதை முக்கால் மணி நேரத்தில் தின்றுவிடும்.

அடுத்தது, எங்கே விரிப்பது? நம் ஊரில் விற்பவை பெரும்பாலும் படுக்கை விரிப்புக்கு அடியில் போடுகிற வகை. உள்ளே மெல்லிய கம்பி வளைந்து வளைந்து ஓடும். அது சமமாக, சுருக்கம் இல்லாமல் கிடக்க வேண்டும். மடிந்தால் ஒரு சூட்டின் மேல் இன்னொரு சூடு ஏறும்; மடிப்பிலேயே கம்பி நைந்து பொறி பறக்கவும் கூடும். தரையில் கோரைப் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கும், தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் படுப்பவர்களுக்கும் இது சரிப்பட்டு வராது. புரண்டால் போர்வை சுருண்டுவிடும். பழைய இலவம்பஞ்சு மெத்தை என்றால் இரட்டைக் கவனம் தேவை. இலவம்பஞ்சில் நெருப்பு எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். சமமான கட்டில், கெட்டியான மெத்தை, நான்கு மூலையிலும் நாடாவால் கட்டிய போர்வை, அதன் மேல் ஒரு பருத்தி விரிப்பு. இதுதான் சரியான வரிசை. போர்வையை உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளக் கூடாது. அதன் மேல் வெந்நீர்ப் பை வைப்பதும் கூடாது.

பிளக்கைச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்டிலேயே செருக வேண்டும். டிவி, செல்போன் சார்ஜர் என ஏற்கெனவே நெருக்கியடிக்கும் ஜங்ஷன் பாக்ஸில் இதையும் சொருகினால், போர்வை சூடாகிறதோ இல்லையோ, ஜங்ஷன் பாக்ஸ் சூடாகும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இது முக்கியம். உண்மையில், அவர்கள் படுக்கும் இடத்தில் இந்தப் போர்வையே வேண்டாம்.

பலர் யோசிக்காத ஒன்று, தைலம். முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டுச் சூட்டின் மேல் காலை நீட்டினால், தைலத்தின் எரிச்சலும் சூடும் சேர்ந்து தோலைப் பதம் பார்த்துவிடும். தைலமா, போர்வையா என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். வலிக்காக ஒட்டும் மருந்துப் பட்டைகளுக்கும் இதே விதிதான். கைக்குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

போர்வை வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அதற்குப் பதிலாகக் கரியடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பருத்திச் சாக்ஸ், இரண்டு மெல்லிய போர்வை, ஜன்னல் இடுக்கில் ஒரு பழைய துணி... இந்த ஊர்க் குளிருக்குப் பல வீடுகளில் இதுவே தாராளம்.

மாசி மாதம் சிவராத்திரியோடு குளிர் விடைபெற்றதும் போர்வைக்கு அடுத்த ஒன்பது மாதமும் பரண்தான். மடித்து அயர்ன் பண்ணின சேலை போல அடுக்கக் கூடாது. பாய் மாதிரித் தளர்வாகச் சுருட்ட வேண்டும். டிரை கிளீனிங் கூடாது. அந்த ரசாயனம் கம்பியின் மேலுறையைக் கெடுத்துவிடும். அந்துருண்டையும் போட வேண்டாம். பரணில் எலி வருமென்றால் மூடி போட்ட டிரங்குப் பெட்டிதான் சரி. அடுத்த கார்த்திகையில் வெளியே எடுக்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கம்பி எங்காவது முறுக்கிக்கொண்டிருக்கிறதா, துணியில் பழுப்புக் கறை தெரிகிறதா, ஒயரில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு விரித்துப்போட்டு, பக்கத்தில் விழித்திருந்து, பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். கருகல் வாசனை லேசாக வந்தாலும், தெரிந்த எலெக்ட்ரீஷியன் 'ஒட்டிடலாம் சார்' என்று சொன்னாலும் கேட்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.