போலி ஊசியும் மெய்யான ஆறுதலும்

அக்குபங்சர் விவாதத்தில் இரு தரப்பினரும் ஒரே ஆய்வைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவதுண்டு. ஜெர்மனியில் நிகழ்ந்து 2007இல் வெளியான கீழ்முதுகு வலி ஆய்வு அத்தகையது. நாள்பட்ட வலியுடைய 1,162 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினருக்கு மரபுவழிப் புள்ளிகளில் ஊசி குத்தப்பட்டது. இரண்டாம் குழுவினருக்கு அப்புள்ளிகளைத் தவிர்த்து, பிற இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டது. மூன்றாம் குழுவினர் மருந்து, இயன்முறை சிகிச்சை, உடற்பயிற்சி ஆகியவற்றைப் பெற்றனர். ஆறு மாதங்களுக்குப் பின் பயன்பெற்றோர் முறையே 47.6, 44.2, 27.4 விழுக்காட்டினர்.

முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் ஒப்பிடுவோர் அக்குபங்சர் வென்றது என்கின்றனர். முதலிரண்டு எண்களை ஒப்பிடுவோர் அது வெறும் மருந்துப்போலி என்கின்றனர். இரண்டுமே அவசர முடிவுகள். மூன்றாம் குழுவினர் தமக்குப் புதிதாக ஏதும் கிடைக்கவில்லை என்பதை அறிந்திருந்தனர். அந்த ஏமாற்றமும் 27.4இல் கலந்திருக்கக்கூடும். போலி ஊசியோ சர்க்கரை மாத்திரை போன்றதன்று. அது தோலைத் தொடுகிறது, நரம்பைத் தூண்டுகிறது, சிகிச்சையாளரின் கவனத்தையும் உடன் கொண்டுவருகிறது. 29 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 18,000 பேரின் தரவுகளைத் தொகுத்து 2012இல் வெளியான பகுப்பாய்வும், மெய்யான ஊசிக்கும் போலிக்கும் வேறுபாடு உண்டு, ஆனால் அது சிறிது என்றே கண்டது.

அப்படியானால், நோயாளிக்கு நலமாகத் தோன்றினால் போதாதா? இக்கேள்விக்கு 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்துமா ஆய்வு விடை தருகிறது. நோயாளிகள் தாமே மதிப்பிட்ட முன்னேற்றம், மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் உறிஞ்சிக்கு 50 விழுக்காடு, போலி உறிஞ்சிக்கு 45, போலி ஊசிக்கு 46, சிகிச்சையே இல்லாதபோது 21. ஆனால் நுரையீரலின் காற்றோட்டத்தை அளந்தபோது, மெய்யான மருந்து 20 விழுக்காடு உயர்வைத் தந்தது. மற்ற மூன்றிலும் உயர்வு ஏறத்தாழ 7 விழுக்காடே. மூச்சு எளிதானதாக உணர்ந்தவரின் மூச்சுக்குழல் சுருங்கியே இருந்தது.

வலியைப் பொறுத்தவரை நோயாளியின் சொல்லே முதன்மை அளவுகோல். அங்கே போலி ஊசி தரும் ஆறுதலை ஏளனம் செய்ய இடமில்லை. ஆஸ்துமாவில் அதே ஆறுதல் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே, ‘அக்குபங்சர் பயன் தருமா?’ என்ற பொதுக்கேள்வி ஆய்வுக்கு உதவாது. எந்த நோயில், எந்த அளவுகோலில், எதனோடு ஒப்பிட்டு என்று கேட்க வேண்டும். சிகிச்சை பெறாத குழுவும் ஆய்வில் இடம்பெறுவது இன்றியமையாதது. மேற்கண்ட 21 விழுக்காடு, ஊசியோ மருந்தோ இன்றியும் முன்னேற்றம் தோன்றும் என்பதைக் காட்டுகிறது. அதை அளக்காத ஆய்வு, நோயின் இயல்பான ஏற்ற இறக்கத்தையும் மருந்துப்போலியின் கணக்கில் எழுதிவிடும்.

ஆறுதல் மெய்யாக இருக்கலாம். அதனாலேயே அதற்குச் சொல்லப்படும் காரணமும் மெய்யாகிவிடாது. இவ்வேறுபாட்டை நோயாளியிடம் மறைக்காமல் கூறுவது சிகிச்சையாளரின் கடமை. ஆய்வுக் கட்டுரையில் மறைக்காமல் எழுதுவது ஆய்வாளரின் கடமை.