வீட்டுக்கொரு பலா நடுக!

தமிழ் காக்கப் புறப்பட்டோர் அனைவரும் தத்தம் வீட்டுக் கொல்லையை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் இல்லையெனில் கொதிக்கின்றோம். திருமண அழைப்பிதழில் ஒரு வடசொல் புகுந்தால் கண்டிக்கின்றோம். ஆட்சியிலும் கல்வியிலும் வழிபாட்டிலும் தமிழே வேண்டுமெனக் கூட்டங் கூட்டி முழங்குகின்றோம். இவை யாவும் செய்யத்தக்கனவே. இன்னும் மிகுதியாகச் செய்யத்தக்கனவே! ஆயின், அவ்வாறு முழங்கிவிட்டு வீடு திரும்பும் நம்மை வாயிலில் வரவேற்பவை எவை? உண்ணத்தக்க ஒரு காயும் ஈனாத அயல்நாட்டு அழகுச் செடிகள்! அவையும் தொட்டிகளில்! கொல்லையோ புல்லும் முளைக்காவண்ணம் கற்காரையால் மூடப்பட்டுக் கிடக்கின்றது.

இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். மிகப் பெரிய தொடர்பு உண்டு. ஒரு சொல் இறப்பதற்கு இருவழிகள் உள. பிறமொழிச் சொல்லொன்று வந்து அதனைத் தள்ளி வீழ்த்துவது ஒரு வழி. அச்சொல் குறிக்கும் பொருளே மக்களின் கண்ணினின்றும் கையினின்றும் மறைந்துபோவது மற்றொரு வழி. முதல் வகைச் சாவைத் தடுக்க நமக்கு அறிஞர் உளர், நூல்கள் உள, இயக்கமும் உளது. இரண்டாம் வகைச் சாவை அகரமுதலி தடுக்காது. மண்வெட்டிதான் தடுக்கும்.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர், தமிழின் சொல்வளத்தை உலகுக்குக் காட்ட முனைந்தபோது, நிலைத்திணைப் பெயர்களையே பெரிதும் எடுத்துக்காட்டினார். பிஞ்சு என்பது பொதுப்பெயர். மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். எள்ளின் பிஞ்சு கவ்வை. தென்னை, பனை ஆகியவற்றின் பிஞ்சு குரும்பை. இளம்பயிருக்கும் அவ்வாறே. நெல்லுக்கு நாற்று, மாவுக்குக் கன்று, விளாவுக்குக் குட்டி, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. தாம் வளர்த்த ஒவ்வொன்றையும் அதன் ஒவ்வொரு பருவத்திலும் உற்றுநோக்கிப் பெயரிட்ட மக்களின் மொழி இது!

இச்சொற்களுள் இன்றும் எது வாழ்கின்றது? வடு வாழ்கின்றது. கரணியம், மாவடு இன்னும் நம் வீட்டுச் சாடிகளில் ஊறுகின்றது. தென்னம்பிள்ளை வாழ்கின்றது. இன்றும் மக்கள் அதனை வாங்கி நடுகின்றனர். மூசு எங்கே? நகரத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர் பலாமரத்தின் அடியில் பிஞ்சு விட்டிருப்பதைக் கண்டுள்ளனர்? அவர்கள் அறிந்ததெல்லாம் தெருவோர வண்டியில் எடைபோட்டு நெகிழிப் பையில் இட்டுத் தரும் சுளை மட்டுமே. சுளையை அறிந்தோர் வாயில் சுளை என்னும் சொல் நிற்கின்றது. மரத்தை அறியாதார் வாயில் மூசு எப்படி நிற்கும்?

ஆகலின், இவ்விதழின் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கொல்லையில் இடமுள்ளோர் யாவரும் ஒரு பலா நடுக! முக்கனியுள் ஒன்று அது; தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் அதுவே. பாரியின் பறம்புமலையில் உழவர் உழாமலே விளைந்த நான்கு பொருள்களுள் ஒன்றாகக் கபிலர் அதனைப் புறநானூற்றில் வைத்துப் பாடினார். அதன் பெயரோ உலகையே சுற்றிவந்தது.

அப்பெயர் சென்ற வழியைச் சற்றுப் பார்ப்போம். கன்னியாகுமரிப் பகுதித் தமிழர் பலாப்பழத்தைச் சக்கை என்பர். மலையாளத்திலும் அஃது சக்கையே. மேலைக் கரையில் வந்திறங்கிய போர்த்துக்கீசியர் அச்சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டனர். கோவாவில் வாழ்ந்த கார்சியா டி ஓர்ட்டா என்னும் மருத்துவர் 1563ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அத்திரிபு காணப்படுகின்றது. கொச்சியில் ஆலந்து நாட்டு ஆட்சித்தலைவராயிருந்த வான் ரீடு, மலையாள நாட்டு நிலைத்திணைகளைப் பற்றித் தொகுத்த பெருநூலின் மூன்றாம் மடலத்தில் (1682) சக்கைமரம் என்ற பெயரிட்டே இதனைப் படத்துடன் காட்டினார். ஆங்கிலர் இப்பழத்துக்கு இட்டு வழங்கும் பெயரின் முன்பாதி இச்சக்கையே! நம் திராவிட இனத்தாரிடம் கடன்பெற்ற சொல்லை ஆங்கிலத் தூசி படிய நம்மிடமே திருப்பித் தருகின்றனர். அதை நம் பிள்ளைகள் பெருமையோடு வாங்கிக்கொண்டு பலா என்று சொல்ல நாணுகின்றனர். வடமொழிப் பனசமும் இத்தகையதே. பரோ, எமனோ என்னும் மேலை மொழிநூலார் இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகரமுதலி, பலவு, பிலாவு, கன்னடத்து அலசு ஆகியவற்றோடு பனசத்தையும் ஒரே தொகுப்பில் வைத்துள்ளது.

பெயர்ப்பெருமை பேசுவதோடு நில்லாமல், இனி நடும் முறைக்கு வருவோம்.

பலாக்கொட்டை நெடுநாள் உயிர்ப்போடு இராது. நெல்லைப்போல் உலர்த்திச் சேர்த்துவைத்தால் முளைக்காது. பழம் அரிந்த சில நாள்களுக்குள் கொட்டையைக் கழுவி ஊன்றிவிட வேண்டும். ஆணிவேர் விரைந்து ஆழ்ந்திறங்கும். அஃது ஊறுபட்டால் கன்று நலிந்துவிடும். ஆகலின், விதை ஊன்றுவோர் மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுதல் நன்று. ஆனால், விதைக்கன்று தாய்மரத்தின் சுவையை அப்படியே தரும் என்னும் உறுதி இல்லை. காய்ப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகளும் ஆகும். ஒட்டுக்கன்று தாயின் இயல்பை மாறாது தரும். நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட வகைகளுக்குப் பாலூர் 1, பாலூர் 2, பேச்சிப்பாறை 1 என்று நம் ஊர்ப்பெயர்களே இடப்பட்டுள்ளமை மகிழ்ச்சிக்குரியது. கன்று வாங்கும்போது அப்பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். சுவையில் வருக்கை, கூழன் என்னும் இருபெரும் வகைகள் உள என்பதையும் மறவாதீர். வருக்கையின் சுளை திட்பமானது. கூழனின் சுளை குழைந்தது.

குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் இருக்கட்டும். மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து நிரப்பி, ஆடவை, கடகத் திங்கள்களில் (ஆனி, ஆடி) மழையை நோக்கி நடுக. ஒட்டுப்பகுதி மண்ணுக்குமேல் நிற்க வேண்டும். அதற்குக் கீழிருந்து கிளைக்கும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். இன்றேல் ஒட்டு மாய, காட்டுக்கன்றே மரமாகும்! வீட்டுச் சுவரினின்று 15 அடியேனும் தள்ளி நடுக. இரு மரங்கள் நடுவோர் இடையில் 25 அடி விடுக.

பலாவுக்கு நீர் வேண்டும். தேங்கிய நீர் ஆகாது. பண்ணுருட்டிச் செம்மண்ணிலும் கொல்லிமலைச் சரிவிலும் அது செழித்து நிற்பதன் கமுக்கம், அங்கு நீர் நில்லாது வடிந்து செல்வதே. களிமண் நிலத்தினர் மண்ணை மேடாக்கி நடுதல் வேண்டும். முதல் மூன்று கோடைகளிலும் கிழமைக்கு இருமுறையேனும் நீர் விடுக. அடியில் காய்ந்த இலைகளைப் பரப்புக. தண்டை ஒட்டி மட்டும் பரப்பாதீர், அழுகும். ஆண்டுதோறும் மழைக்கு முன் தொழுவுரமும் சாம்பலும் இடுக. உயரத்துக்கு அஞ்சுவோர், இளமையிலேயே உச்சியை நறுக்கி, மரத்தை 15 அடிக்குள் அடக்கி வளர்க்கலாம். பலா அடிமரத்திலும் பருங்கிளையிலுமே காய்ப்பதாகலின், இதனால் விளைவு கெடாது, காய் கைக்கெட்டும்.

புதிதாக வளர்ப்போர் நெஞ்சுடைந்து போகும் இடம் ஒன்றுண்டு. பூத்த முதற்பருவத்தில் பிஞ்சுபோல் தோன்றியவை யாவும் கறுத்து உதிரும். மரம் நோயுற்றது என்றெண்ணி நஞ்சு தெளிப்பாரும் உளர். வெட்டி வீழ்த்துவாரும் உளர்! பலாவில் ஆண்பூக்கொத்தும் பெண்பூக்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றும். ஆண்கொத்து மகரந்தத்தை உதிர்த்தபின் கறுத்து விழுவது அதன் இயல்பு. இளமரம் முதலில் ஆண்கொத்துகளையே மிகுதியாக ஈனும். பருத்த காம்பில் அமைந்து, அடிமரத்தை ஒட்டி நிற்கும் பெண்கொத்தே மூசாகும். அதிலுள்ள நூற்றுக்கணக்கான பூக்களுள் கருவுற்றவை ஒவ்வொன்றும் ஒரு சுளை. கருவுறாதவை சுளைகளினூடே நார்ச்சக்கையாக நிற்கும். காய் ஒருபுறம் சூம்பியிருப்பின் அப்புறத்துப் பூக்கள் கருவுறவில்லை என்று கொள்க. ஒரே இடத்தில் மூசுகள் நெருங்கின், நல்லதொன்றை விட்டு ஏனையவற்றைக் கொய்து கறி சமைக்கலாம். அன்று உங்கள் அடுக்களையில் மூசு என்னும் சொல் மீண்டும் பிறக்கும்!

முற்றிய காயை அறிவதும் ஒரு கலையே. முட்கள் அகன்று மழுங்கும். தட்டினால் ஒலி மந்தமாகும். காம்பை ஒட்டிய இலை மஞ்சளிக்கும். பின்னர் மணம் எழும். இவற்றைப் பாட்டி பேத்திக்குக் காட்டுங்கால் கைமாறுவது பழம் மட்டுமன்று. கையில் எண்ணெய் தடவிப் பால் ஒட்டாமல் அரிவது, கொட்டையைச் சுட்டும் குழம்பிலிட்டும் உண்பது, இவ்வொவ்வொன்றுக்கும் உரிய வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லும் உடன் கைமாறுகின்றன. முதிர்ந்த மரமும் வீணாவதில்லை. தஞ்சையில் வீணைக்குடம் குடைவதும், மத்தளக் கட்டை கடைவதும் பலாவிலேதான்.

இடமில்லை என்பார்க்கு விடை சொல்லவேண்டும். அடுக்குமாடியில் வாழ்வோர் தொட்டியில் பலா வளர்க்க முயன்று வருந்த வேண்டா, அது பெருமரம். அவர்கள் ஊரிலுள்ள தம் உறவினர் நிலத்திலோ, பள்ளி வளாகத்திலோ, இசைவு பெற்றுப் பொதுவிடத்திலோ நட்டு, மூன்று கோடைகள் நீரூற்றும் பொறுப்பை ஏற்கலாம். நட்டுப் படமெடுத்துக்கொண்டு மறந்துபோகும் மரநடு விழாக்கள் நமக்கு வேண்டா.

பண்ணுருட்டியில்தான் பலா இருக்கின்றதே, நாம் ஏன் நடவேண்டும் என்பாரும் உளர். 2011ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது, தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. ஓரிடத்தில் மட்டும் வாழும் மரத்துக்கு நேர்வதே, ஒருசில அறிஞர் ஏட்டில் மட்டும் வாழும் சொல்லுக்கும் நேரும். பல்லாயிரம் முற்றங்களில் வேரூன்றியதை எப்புயலும் ஒருங்கே சாய்க்க இயலாது.

புதுச்சொல் ஆக்குவோம், அயற்சொல் விலக்குவோம், அப்பணி தொடர்க. அதனோடு, நம் முன்னோர் ஆக்கி வைத்த சொல்லுக்கு உரிய பொருளையும் நம் மண்ணில் நிறுத்துவோம். வரும் ஆடவைத் திங்களுக்கு இன்னும் நாள் இருக்கின்றது என்று தள்ளிப்போடாமல், இன்றே குழிக்கு இடம் குறியுங்கள். கொல்லைக் கற்காரையில் மூன்றடிச் சதுரமேனும் பெயர்த்தெடுங்கள். அவ்விடத்தில் ஒரு பலாக்கன்று நடுங்கள். பிள்ளைகள் அதற்கு நீரூற்றட்டும். அதன் ஒவ்வோர் உறுப்பையும் தமிழில் சொல்லி வளரட்டும்!