நான் எழுதின கீரையும், பாப்பாவுக்குக் கொடுக்காத மருந்தும்

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து தம்பி மகள் போன் பண்ணினாள். பாப்பாவுக்கு ஒன்பது மாசம் முடிஞ்சு தடுப்பூசி போட்டாச்சு என்றாள். "வைட்டமின் ஏ மருந்து குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"குடுக்க வந்தாங்க அத்தை. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். கீரையில இல்லாத சத்தா? நீங்கதான எழுதுனீங்க?"

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. ஆமாம், எழுதினது நான்தான். முருங்கைக்கீரை பற்றி இங்கே போட்ட பதிவை உங்களில் பல பேர் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினீர்கள். அதில் மருந்து வேண்டாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் கொல்லையிலேயே எல்லாச் சத்தும் இருக்கு, கடைக்கு ஓட வேண்டாம் என்று முடித்திருந்தேன். படிக்கிறவங்க அதை எப்படி எடுத்துக்குவாங்கன்னு நான் யோசிக்கலை. தப்பு என்மேலும் இருக்கு, அதனால்தான் இந்தப் பதிவு.

அவளுக்குச் சரியாகத் தெரியாத ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். அவள் அப்பாவுக்கு, அதாவது என் தம்பிக்கு, இடது கண் தெரியாது. சின்ன வயசில் அம்மை போட்டுக் கண் போச்சு என்றுதான் வீட்டில் சொல்வோம். தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுக்கா, இதுல ஒளிக்க என்ன இருக்கு" என்றான்.

1979. எனக்கு எட்டு வயசு, அவனுக்கு நாலு. விளக்கு வைக்கிற நேரமானால் அவன் திண்ணையை விட்டு இறங்க மாட்டான். மற்ற பிள்ளைகள் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும், இவன் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ராத்திரி தட்டில் சோறு வைத்தால் கையால் தடவித் தேடுவான். நாங்கள் கேலி பண்ணிச் சிரிப்போம். அப்புறம் மணல்வாரி அம்மை வந்தது. வாசலில் வேப்பிலை சொருகினார்கள். வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, முட்டை கிடையாது. ஆஸ்பத்திரி பேச்சை எடுத்தாலே ஆத்தா கோவிச்சுக்குவா என்று பாட்டி அதட்டும். கஞ்சியும் இளநீரும்தான். கூடவே வயிற்றுப்போக்கு. வெளிச்சம் கூசி கண்ணையே திறக்க மாட்டான். தலைக்குத் தண்ணி ஊத்தின அன்றைக்குப் பார்த்தால் இடது கருவிழி வெள்ளையாகியிருந்தது.

பல வருஷம் கழித்து துறையூரில் நடந்த ஒரு கண் முகாமில்தான் ஒரு டாக்டர் அம்மாவிடம் நிதானமாக விசாரித்தார். அம்மைக்கு முன்னாடியே பையனுக்கு சாயங்காலம் கண் தெரியாம இருந்துச்சா என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றதும், "அப்பவே வைட்டமின் ஏ குறைஞ்சிருந்துச்சும்மா. அம்மை வந்து மிச்சத்தையும் காலி பண்ணிடுச்சு" என்றார். அம்மா அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த டாக்டர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான். இந்தச் சத்தை உடம்பு ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அம்மையும் பேதியும் வந்தால் அந்தச் சேமிப்பு வேகமாகக் கரையும். குறையும்போது முதலில் இருட்டில் பார்வை போகும். அப்புறம் கண்ணின் வெள்ளையில் சோப்பு நுரை ஒட்டினமாதிரி திட்டு வரும். அதற்கும் மேலே போனால் கருவிழி காய்ந்து புண்ணாகி உருகிவிடும். அந்தக் கடைசிக் கட்டம் வந்துவிட்டால் கண் போக ரொம்ப நாள் ஆகாது. பாதிப்பு கண்ணோடும் நிற்காது. மூச்சுக்குழாய், குடல் இவற்றின் உள்தோலும் கெட்டுப்போவதால் சளிக்காய்ச்சலும் பேதியும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் சாவது அதில்தான்.

இத்தனைக்கும் எங்க வீட்டு வாசலில் முருங்கை மரம் நின்றது. வாய்க்கால் ஓரம் பூரா அகத்தி. அதை ஆடு தின்றது.

கிராமத்துச் சாப்பாடு என்றால் உங்களுக்கு ஒரு படம் மனசில் இருக்கு. அதை வரைந்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கொல்லையில் இருப்பது எல்லாம் தட்டுக்கு வந்துவிடாது. வந்தாலும் யார் தட்டுக்கு வரும் என்று ஒரு கணக்கு இருக்கு. ஆம்பளைங்க சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மிச்சம் இருந்தால்தான் மருமகளுக்கு.

1991இல் நான் மூத்தவனை மாசமாக இருந்தேன். ஏழாம் மாசத்துக்கு மேல், பொழுது சாய்ந்தால் எனக்குப் பாதை தெரியாது. வெங்காயக் காட்டிலிருந்து திரும்பும்போது வரப்பில் ரெண்டு தடவை விழுந்தேன். மாமியாரிடம் சொன்னேன். "மாசமா இருக்கறவளுக்கு அப்படித்தான் இருக்கும், பெத்தா சரியாயிடும்" என்றார்கள். பெற்ற பிறகு சரியாயிடுச்சு, அது உண்மைதான். ஆனால் அது மாசத்தின் குணம் இல்லீங்க. வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத் தேவைப்படும்போது தாய்க்குச் சத்து பத்தாமல் போனதன் அடையாளம். கர்ப்பிணிகளில் எத்தனை பேருக்கு மாலைக்கண் இருக்கு என்று பார்த்துத்தான் ஒரு ஊரில் இந்தக் குறை எவ்வளவு என்றே கணக்கெடுக்கிறார்கள்.

பிள்ளை பிறந்ததும் பத்தியம். கீரை தின்றால் பிள்ளைக்குப் பச்சையாகப் போகும், மாம்பழம் சூடு, பப்பாளி பேரே எடுக்கக் கூடாது. ஆட்டுக்கு அகத்தி ஒடித்துப் போட்டுவிட்டு வந்து நான் பூண்டு ரசமும் சோறும் சாப்பிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லணும். மாடு கன்று போட்டால் சீம்பாலைக் காய்ச்சி வெல்லம் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்போம். அவ்வளவு மதிப்பு அதற்கு. ஆனால் நான் பெற்ற பிள்ளைக்கு என் சீம்பாலை, கெட்ட பால் என்று சொல்லி, பீய்ச்சிக் கொட்டச் சொன்னார்கள். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு வைத்தார்கள். அந்த மஞ்சள் பாலில்தான் பிள்ளைக்கு முதல் வைட்டமின் ஏ இருக்கு. பிறக்கும்போது அதன் ஈரலில் சேமிப்பு ரொம்பக் கொஞ்சம், தாய்ப்பாலில்தான் அது நிரம்பணும். மாட்டுச் சீம்பாலுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லையே என்று இப்போ நினைத்தாலும் கோபம் வரும். என் மருமகளுக்கு அது நடக்க விடவில்லை.

பாலும் அப்படித்தான். எங்க வீட்டில் மாடு இல்லாத வருஷமே இல்லை. காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் போகும். அங்கே மெஷினில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் காசு. வைட்டமின் ஏ இருப்பதும் அந்தக் கொழுப்பில்தான். வீட்டுப் பிள்ளைகளுக்கு டீயில் ஊற்ற ஒரு டம்ளர் மிஞ்சும். விற்காமல் கடன் எப்படிக் கட்டுவது என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சரி, கீரை விஷயத்துக்கு வருகிறேன். கீரையைப் பற்றி நான் எழுதினது பொய் இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்ட பழைய அட்டவணையில் 100 கிராம் முருங்கை இலைக்கு 6780 மைக்ரோகிராம் கரோட்டின் என்று இருக்கு. நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற கேரட்டுக்கு 1890தான். (அந்த நிறுவனம் நம்ம குன்னூரில் 1918இல் ஆரம்பித்தது. 1958இல்தான் ஹைதராபாத் போச்சு.) ஆனால் கரோட்டின் வேறு, வைட்டமின் ஏ வேறு. நம் உடம்புதான் மாற்றிக்கொள்ளணும். பன்னிரண்டு பங்கு கரோட்டினுக்கு ஒரு பங்கு வைட்டமின் ஏ என்று கணக்கு வைக்கிறார்கள். ஒரு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் கிட்ட வேணும். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனாலும் வகுத்துப் பார்த்தேன். கீரையை மட்டும் நம்பினால் தினமும் 70 கிராம் இலை வேணும்.

வெங்காயம் போடுகிற தராசில் 70 கிராம் உருவின இலையை நிறுத்துப் பார்த்தேன். ரெண்டு கையிலும் அள்ளினாலும் கொள்ளலை. அதை வேகவைத்து, தேங்காயும் எண்ணெயும் சேர்த்து மசித்து, பக்கத்து வீட்டு ஒரு வயசுக் குட்டிக்கு ஊட்டினேன். ரெண்டு கரண்டி உள்ளே போச்சு, மூன்றாவதைத் துப்பினான். வயிற்றில் பூச்சி இருந்தாலோ பேதி இருந்தாலோ அந்த ரெண்டு கரண்டியும் சரியாகச் சேராது. எண்ணெய் இல்லாமல் கொடுத்தாலும் சேராது. இதையெல்லாம் அந்தப் பதிவில் நான் எழுதியிருக்கணும்.

மருந்து ஏன் வேணும் என்பதற்கு எங்க மாவட்டத்திலேயே சாட்சி இருக்கு. பெரம்பலூரும் கரூரும் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹமத்துல்லாவும் அவர் கூட்டாளிகளும் திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் 15,000க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு வாரா வாரம் கொஞ்சம் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். ஒரு வருஷம் பார்த்ததில், கொடுத்த பக்கம் குழந்தைச் சாவு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. 1990இல் அமெரிக்க மருத்துவ இதழில் அது வெளிவந்தது. எனக்கு இதில் பிடித்தது என்ன தெரியுமா? அவர்கள் கொடுத்தது பெரிய டோஸ் இல்லை. ஒழுங்கான சாப்பாட்டிலிருந்து கிடைக்கக் கூடிய அளவுதான். அந்த ஒழுங்கான சாப்பாடு எங்க பிள்ளைகளுக்குக் கிடைக்கலை, அவ்வளவுதான்.

தம்பி மகள் வீட்டுக்காரர் விவரமான பிள்ளை. "இப்ப டாக்டர்களே இது எல்லாக் குழந்தைக்கும் வேணுமான்னு கேக்கறாங்களே பெரியம்மா" என்றார். உண்மைதான், அந்த வாதம் நடக்கிறது. தம்பி மாதிரி கண் போவது இப்போ அபூர்வமாகிவிட்டது. ஆனால் 2016 முதல் 2018 வரை மத்திய அரசு எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், ஒன்று முதல் நாலு வயசுக் குழந்தைகளில் நூற்றுக்கு 18 பேருக்குக் குறை இருந்தது. திட்டத்தை மாற்றணுமா என்று நிபுணர்கள் பேசி முடிவு பண்ணட்டும். ஒரு வெங்காயக்காரி எழுதினதைப் படித்து ஒரு வீட்டில் முடிவு பண்ணக் கூடாது. சந்தேகம் இருந்தால் உங்க குழந்தை டாக்டரைக் கேளுங்க.

நடைமுறை இதுதான். ஒன்பதாம் மாசம் தட்டம்மைத் தடுப்பூசியோடு ஒரு மில்லி, அதாவது ஒரு லட்சம் யூனிட். ஒன்றரை வயசு வாக்கில் ரெண்டு மில்லி. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு மில்லி, அஞ்சு வயசு வரைக்கும். மொத்தம் ஒன்பது தடவை. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசு இல்லாமல் கொடுக்கிறார்கள். அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்க. ஒரு தடவை கொடுத்த ஆறு மாசத்துக்குள் இன்னொரு இடத்தில் மறுபடி கொடுத்துவிடக் கூடாது, அதிகமானால் இதுவும் விஷம்தான்.

கர்ப்பமாக இருக்கிறவர்கள் இந்தப் பெரிய டோஸ் பக்கமே போகக் கூடாது. முக்கியமாக முதல் மாசங்களில். வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரலாம். ஊரில் மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுப்பார்கள். அதில் சத்து அவ்வளவு அதிகம் என்பதால்தான் மாசமாக இருக்கும்போது அதையும் வாரா வாரம் தின்னக் கூடாது. தாய்க்குத்தான் என் கீரை. முருங்கையோ அகத்தியோ சிறுகீரையோ தினம் ஒரு கிண்ணம், எண்ணெய் விட்டுத் தாளித்தது. கீரையிலிருந்து வருவது அளவுக்கு மீறி விஷமாகாது. பால், முட்டையும் சேரட்டும். பாக்கெட் பாலில் கொழுப்பு எடுத்திருந்தால் இந்தச் சத்தும் போயிருக்கும், +எஃப் முத்திரை இருந்தால் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கீரைப்பொடி வாங்குகிறவர்கள் நிழலில் காய்ந்ததா என்று கேளுங்க. வெயிலில் காய்ந்தால் கரோட்டின் பாதி வழியிலேயே போயிடும்.

குழந்தை இருட்டில் தடுமாறினால், வெளிச்சம் கூசினால், கண்ணில் திட்டு தெரிந்தால், கீரை கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிட்டுப் போங்க. ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு உடனே ஒரு டோஸ், மறுநாள் ஒன்று, ரெண்டு வாரம் கழித்து ஒன்று என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை. தட்டம்மை வந்தாலும் அடுத்தடுத்த ரெண்டு நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். தம்பிக்கு அந்த ரெண்டு டோஸ் கிடைத்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

இதையெல்லாம் தம்பி மகளிடம் போனில் சொன்னேன், அவள் அப்பா கதையோடு சேர்த்து. ரொம்ப நேரம் பேசவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்பினாள். வாய் ஓரம் மஞ்சள் வழிய பாப்பா ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். மருந்து இனிப்பாக இருந்ததாம், விடமாட்டேன் என்கிறாளாம். தம்பியிடம் காட்டினேன். போனை வலது பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

கீரையும் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் போட்டு விடணும்.