வளைவில் ஹாரன்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். சீட் கிடைக்காமல் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தால் நிறைய ஞானம் கிடைக்கும். ஒருநாள் டிரைவர் சொன்னார்: "ரோடு எந்நேரமும் இருக்குதுங்க தம்பி. வளைவு காலியாகற நேரத்துக்குப் போய்ச் சேரோணும். அதுதான் டிரைவிங்."

மூளையும் இப்படித்தான் ஓடுகிறது என்று ஒரு கட்சி இருக்கிறது.

மண்டைக்குள் சுமார் 8,600 கோடி நியூரான்கள். ஆளாளுக்கு வயர் இழுத்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைதான். யார் பேச்சு யாருக்குப் போய்ச் சேரும்? பாஸ்கல் ஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி 2005-ல் ஒரு பதில் சொன்னார். நியூரான் கூட்டம் ஒன்று சேர்ந்தாற்போல் விழிக்கிறது, அசருகிறது, மறுபடி விழிக்கிறது. செகண்டுக்கு 30 முதல் 80 தடவை. பெயர் காமா தாளம். விழித்த கணத்தில் வந்த சிக்னலுக்கு மரியாதை. அசந்த கணத்தில் வந்தது அம்போ. தாளம் ஒத்துப்போகிற இரண்டு கூட்டங்கள்தான் பேசிக்கொள்ளும். மேனேஜரிடம் லீவு கேட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு அழகாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சுப்ரதிம் ரேவுக்கும் வந்திருக்கிறது. இன்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருப்பவர். ஜான் மான்செலுடன் சேர்ந்து குரங்குகளின் மூளையை அளந்து 2010-ல் ஒரு குண்டு போட்டார். பார்க்கும் படம் பளிச்சென்றிருந்தால் காமா வேகமாம், மங்கினால் நிதானமாம். ஒரே காட்சியில் ஒரு மூலை பளிச், ஒரு மூலை மங்கல். ஆளுக்கொரு தாளம் போட்டால் எப்படிச் சார் ஜோடி சேர்வது? அப்படியானால் காமா ஹாரன் இல்லை, வெறும் இன்ஜின் சத்தம். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் இன்ஜின் சத்தத்தையும் லேசாக நினைக்கக் கூடாது. பானெட்டைத் திறக்காமலே காதைக் கொடுத்து, "பேரிங் போச்சுங்ணா" என்கிற மெக்கானிக் ஊருக்கு ஒருத்தர் உண்டு. ரேயின் குழுவும் அந்த வேலையைத்தான் செய்தது. 49 வயதைத் தாண்டிய 244 பேரை உட்காரவைத்து, தலையில் ஈ.ஈ.ஜி. மாட்டி, திரையில் கோடு கோடாகப் படம் காட்டினார்கள். அதைப் பார்த்தால் காமா நன்றாகக் கிளம்பும். 227 பேர் ஆரோக்கியம். ஞாபகம் தடுமாற ஆரம்பித்தவர்கள் 12, அல்சைமர் 5. இந்தப் 17 பேரிடம் காமா, அதே வயது ஆரோக்கியசாலிகளைவிடக் குறைவு! ஆல்ஃபா தாளத்தில் அந்த வித்தியாசம் இல்லை. 2021-ல் வெளியான முடிவு. பதினேழு சின்னக் கணக்கு. பி.காம். படித்தவன் அதை வைத்து பேலன்ஸ் ஷீட் போட மாட்டான். தனி ஒருவரை உட்காரவைத்து, 'உங்களுக்கு இதுதான்' என்று சொல்லவும் இது போதாது.

இருந்தாலும் இங்கே லைன் வீட்டில், காலமெல்லாம் கொழுந்து பறித்த ஒரு பாட்டி, "சாப்பிட்டியா சாமி?" என்று பத்து நிமிஷத்தில் மூன்று தடவை கேட்கிறார். "வயசாச்சில்ல" என்று நகர்ந்துவிடுகிறோம். ஸ்கேன் எடுக்க அவர் மலை இறங்க வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலியை விட்டு யாராவது கூடப் போக வேண்டும். ஈ.ஈ.ஜி. பெட்டியை ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டுவந்துவிடலாம்.