கோட்டு போட்ட கங்காணி

பி.காம் கடைசி வருஷம் வந்துவிட்டால் தாம்பரம் ஏரியா பையன்களுக்கு வழி மூன்றே மூன்றுதான் என்று இருந்தது. சி.ஏ. இன்டர் எழுதுவது, பேங்க் பரீட்சை கோச்சிங்கில் சேருவது, இரண்டும் சரிப்படாவிட்டால் ஓ.எம்.ஆரில் ஏதாவது ஒரு பி.பி.ஓ. இப்போது நான்காவதாக ஒன்று முளைத்திருக்கிறது. ஜப்பான்!

2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பிரதமர் டோக்கியோ போனபோது இரண்டு நாடுகளும் ஒரு திட்டம் போட்டன. ஐந்து வருஷத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து லட்சம் பேர் போய்வர வேண்டும், அதில் இந்தியாவிலிருந்து 50,000 பேர் வேலை தெரிந்தவர்களாக ஜப்பான் போக வேண்டும் என்று கணக்கு. முதியோரைப் பார்த்துக்கொள்வது, தொழிற்சாலை, இன்ஜினியரிங் மாதிரி வேலைகளுக்குத்தான் அங்கே ஆள் தட்டுப்பாடு. டேலியும் ஜி.எஸ்.டி.யும் மட்டும் தெரிந்த பி.காம்காரன் அங்கே போய் என்ன செய்வான்? இந்த இடத்தில்தான் யாராவது ஒரு சித்தப்பா வாயைத் திறப்பார். "ஏன்டா, நீதான் ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து இங்கிலீஷ் மீடியமாச்சே. அங்க போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடு. கம்பெனியே கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டுடுமாம்."

சித்தப்பா சொன்னதில் பாதி நிஜம். அயல்மொழி சொல்லித்தரப் போகிறவர் அந்த மொழியிலேயே குறைந்தது பன்னிரண்டு வருஷம் படித்திருக்க வேண்டும் என்பது ஜப்பான் குடியேற்ற விதி. 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்று விளம்பரத்தில் போடுவது கம்பெனிகளின் ஆசை. சட்டத்தில் அப்படி இல்லை. டிகிரி கையில் இருந்து, எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை ஆங்கில வழியில் படித்த சர்டிபிகேட்டும் இருந்தால் தாம்பரத்துப் பையன் வாசலில் நிற்கலாம். (தமிழ் மீடியத்தில் படித்தவன் எவ்வளவு நன்றாக இங்கிலீஷ் பேசினாலும் அந்த வாசலுக்கே போக முடியாது. அது தனிச் சண்டை.)

வம்பெல்லாம் சித்தப்பாவின் இரண்டாவது பாதியில் இருக்கிறது. "கம்பெனியே கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டுடுமாம்."

அந்தக் கம்பெனிக்கு ஜப்பானில் ஹாக்கென் கம்பெனி என்று பெயர். ஆள் அனுப்பும் கம்பெனி. வேலை பார்ப்பது அரசுப் பள்ளியில். சம்பளச் சீட்டு வேறு யாரோ கொடுப்பது. தாம்பரம் மேற்கில் விடியற்காலையில் ஒரகடம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் கேட்டால் இதை இரண்டு நிமிஷத்தில் விளக்கிவிடுவார்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் இன்னொரு பெயர். பேங்க் கவுன்டர் பக்கத்தில் டை கட்டிக்கொண்டு கிரெடிட் கார்டு விற்கிற பையன்களும் பெரும்பாலும் இதே கதைதான். 'ஆஃப் ரோல்' என்று நாசூக்காகச் சொல்வார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் ஹாஸ்டல் சாப்பாட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்களே, அப்போது எழுந்த கேள்வியும் இதேதான். சோறு யார் பொறுப்பு? வேலை வாங்கினவனா, ஆள் சேர்த்த கான்ட்ராக்டரா?

இதற்குத் தமிழில் ரொம்பப் பழைய வார்த்தை ஒன்று இருக்கிறது. கங்காணி.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்தவர் கங்காணி. அவரும் அதே ஊர்க்காரர்தான், "நான் இருக்கேன், பயப்படாதே" என்று சொன்னவர்தான். அவர் கூட்டிப்போன ஆள் தினமும் வேலைக்கு இறங்கினால் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்திடமிருந்து அவருக்குக் காசு. தலைக்காசு. கப்பலுக்கு முன்னால் கொடுத்த அட்வான்ஸ் தொழிலாளி தலையில் கடனாக ஏறும். அந்தக் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். அதுதான் துண்டு முறை. இலங்கையில் அது ஒழிந்தது 1921ல். மலேயாவுக்கு ஆள் கூட்டிப்போவதை அன்றைய இந்திய அரசு தடுத்தது 1938ல். டிகிரி வாங்கி, பிளேனில் போய், ஏசி ரூமில் பாடம் நடத்துகிறவனை அட்டைக்கடியோடு கொழுந்து பறித்தவளோடு ஒப்பிடுவது அநியாயம் என்று சிலர் கோபப்படலாம். நியாயமான கோபம். பாஸ்போர்ட் அவன் பையிலேயே இருக்கும், யாரும் அடிக்க மாட்டார்கள், பிடிக்காவிட்டால் டிக்கெட் போட்டு வந்துவிடலாம். ஆனால் தலைக்காசு மட்டும் மாறவில்லை. அவன் உழைக்கிற ஒவ்வொரு நாளிலும் நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு பங்கு, வேலை முடியும்வரை.

ஜப்பான்காரர்களுக்கு இது புரியாமல் இல்லை. போர் முடிந்து 1947ல் எழுதிய தொழிலாளர் தரச் சட்டத்தின் ஆறாவது பிரிவே, சட்டம் தனியாக அனுமதித்தால் தவிர, இன்னொருவன் வேலையில் நடுவே புகுந்து யாரும் லாபம் பார்க்கக்கூடாது என்கிறது. எவ்வளவு அழகான பிரிவு! பிறகு 1985ல் ஆள் அனுப்பும் தொழிலுக்கென்றே தனிச் சட்டம் போட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள், ஒரு சில சிறப்புத் தொழில்களுக்கு மட்டும் என்று. 1999ல் சில தொழில்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும். 2004ல் தொழிற்சாலைக்கும். 2008 கடைசியில் உலகமே சரிந்தபோது முதலில் வெட்டப்பட்டது இந்த ஆட்கள்தான். கம்பெனி கொடுத்த அறையும் வேலையோடு போனதால் அந்தப் புத்தாண்டுக்கு டோக்கியோவின் ஹிபியா பூங்காவில், தொழிலாளர் அமைச்சகத்துக்கு எதிரிலேயே, கூடாரம் போட்டு ஐந்நூறு பேர் அளவுக்குத் தங்கினார்கள். அந்த இடத்துக்கு 'ஹாக்கென் கிராமம்' என்றே பெயர் வைத்தார்கள்.

இங்கேயும் அதே நடைதான். 1970ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் பெயரிலேயே 'ஒழித்தல்' இருந்தது. ஒழித்த இடத்தில் வேலை பார்த்தவன் தானாகவே நிரந்தரம் ஆகிவிட மாட்டான் என்று 2001ல் செயில் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமே போய்ப் புதிய தொகுப்பு வந்துவிட்டது. மையத் தொழிலில் கான்ட்ராக்ட் ஆள் கூடாது என்று உள்ளே ஒரு பிரிவு இருக்கிறது, ஏகப்பட்ட விதிவிலக்குகளோடு. தலைப்பில் 'ஒழித்தல்' போயே போச்சு.

சரி, மறுபடி ஸ்கூலுக்கு. ஜப்பானில் நகராட்சியின் கல்வி வாரியம் "எங்கள் பள்ளிகளுக்கு உதவி ஆங்கில ஆசிரியர் இத்தனை பேர் வேண்டும்" என்று டெண்டர் விடுகிறது. பல ஊர்களில் குறைந்த விலை போட்டவருக்கே கான்ட்ராக்ட். விலையைக் குறைக்க எதில் கை வைப்பார்கள் என்று காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. ரோட்டு கான்ட்ராக்ட் என்றால் ஜல்லியில் குறைக்கலாம். இங்கே இருக்கும் ஒரே செலவு ஆசிரியரின் சம்பளம்.

இதற்குள் இன்னொரு தந்திரம் உண்டு. ஹாக்கென் என்று ஒழுங்காகப் பதிவு செய்தால், கம்பெனி தன் பங்கு எத்தனை சதவீதம் என்று வெளியிட வேண்டும் (2012 திருத்தம்). அதே வேலையை 'இதாக்கு', அதாவது மொத்தக் குத்தகை, என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் குத்தகை ஆளுக்குப் பள்ளி நேரடியாக உத்தரவு போடக்கூடாது. போட்டால் அது பொய்க் குத்தகை. ஆகவே ஒரே வகுப்பில் பக்கத்தில் நிற்கும் ஜப்பானிய ஆசிரியர் "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்" என்று சொல்வதற்குக்கூடக் கம்பெனிக்குப் போன் போட்டு, கம்பெனி இவனுக்குப் போன் போட வேண்டும். வடிவேலு காமெடி மாதிரி இருக்கும், ஆனால் சட்டம் அதுதான். பிள்ளைகளுக்கு அதில் என்ன பாடம் ஏறும் என்று யாரும் கேட்பதில்லை.

வாரம் 29.5 மணி நேரம் என்று ஒப்பந்தம் போடுவது அடுத்த பிரசித்தி. முழுநேர ஊழியரின் நேரத்தில் முக்கால் பங்கு, அதாவது 30 மணி நேரம், வந்தால்தான் கம்பெனி தன் பங்குக்கு மருத்துவக் காப்பீடும் பென்ஷனும் கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. அரை மணி நேரத்தை வெட்டினால் மிச்சம் யாருக்கு என்று பார்த்துக்கொள்ளலாம். 2016 அக்டோபர் முதல் பெரிய கம்பெனிகளுக்கு இந்த வரம்பு 20 மணி நேரமாக இறங்கியது, 2024 அக்டோபரில் 50 பேருக்கு மேல் உள்ள கம்பெனிகள் வரை வந்துவிட்டது. ஓட்டை முழுதும் அடைபடவில்லை. சின்ன கம்பெனியில் மாட்டினால் தேசிய பென்ஷனை அவனே முழுதாகக் கட்ட வேண்டும். 2025-26 வருஷத்துக்கு அது மாதம் 17,510 யென்.

"அதெல்லாம் இருக்கட்டும், இங்கே பதினைந்தாயிரம், அங்கே லட்சம்." இதுதான் எதிர்த்தரப்பின் ஒரே துருப்புச் சீட்டு. சீட்டு மோசமில்லை, ஒத்துக்கொள்ள வேண்டும். மாதம் 2,30,000 யென் என்று வைத்தால், 100 யென் 57 ரூபாய் என்ற கணக்கில் 1,31,000 ரூபாய் வருகிறது. வாடகை 55,000, காப்பீடும் பென்ஷனும் வரியும் 40,000, சாப்பாடு 40,000, கரண்ட், போன், ரயில் என்று 25,000 கழித்தால் கையில் 70,000 யென். நாற்பதாயிரம் ரூபாய். இங்கே வீட்டோடு இருந்து பதினைந்தாயிரம் வாங்குகிறவன் மிச்சம் பிடிப்பதைவிட இது அதிகம்தான். ஆனால் கணக்கை அங்கேயே நிறுத்தக்கூடாது. பல ஒப்பந்தங்களில் கோடை லீவு, குளிர்கால லீவு மாதங்களில் சம்பளம் வெட்டு, வாடகைக்கு வெட்டு கிடையாது. இரண்டாம் வருஷம் ஜூனிலிருந்து உள்ளூர்க் குடியிருப்பு வரி தொடங்கும். போன உடனே முன்பணம், சாமான் என்று கொட்ட வேண்டும், முதல் முழுச் சம்பளம் வர ஒன்றரை மாதம் ஆகலாம். அந்த முதலை அப்பா எங்கே புரட்டுவார்? நகைக்கடன்தான். யென் வேறு சரிந்திருக்கிறது. 2012ல் 100 யென் 65 ரூபாய்க்கு மேல் இருந்தது.

இந்த வேலை யாரை மனதில் வைத்து அமைந்தது என்று யோசிக்கவேண்டும். காலேஜ் முடித்து ஒன்றிரண்டு வருஷம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிற அமெரிக்க, ஆஸ்திரேலியப் பிள்ளைகளை வைத்து. அவர்களுக்குச் சம்பளம் கூடாதது பெரிய விஷயமில்லை, திரும்பிப் போனால் வேறு வாழ்க்கை காத்திருக்கும். மாதம் பணம் அனுப்ப வேண்டிய, தங்கை கல்யாணம் பாக்கி இருக்கிற, சிட்லபாக்கத்துப் பையனுக்கு அந்தச் சட்டை பொருந்தாது. மூன்று வருஷம் முழுக்க 'ஆப்பிள், பனானா' சொல்லிக்கொடுத்து இருபத்தாறு வயதில் திரும்பினால் பி.காமும் பழசாகியிருக்கும், சி.ஏ. இன்டரும் மறந்திருக்கும். நாள் பூரா இங்கிலீஷ் பேசவே சம்பளம் என்பதால் ஜப்பானிய மொழியும் ஒழுங்காக வந்திருக்காது. இதுதான் பெரிய நஷ்டம். ஒரகடம், மகிந்திரா சிட்டி பக்கம் ஜப்பானியக் கம்பெனிகளுக்கு வேண்டியது என்2 பாஸ் செய்த, கணக்கும் தெரிந்த ஆள். இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த அனுபவத்தை அவர்கள் என்ன செய்வார்கள்?

நடுவில் ஆளே இல்லாத வழியும் உண்டு. 1987ல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் ஜப்பான் அரசே தேர்ந்தெடுத்து, கல்வி வாரியமே நேரடியாக வேலைக்கு வைத்துக்கொள்கிறது. 2025 ஏப்ரல் முதல் முதல் வருஷச் சம்பளம் 40,20,000 யென், போகவர டிக்கெட்டும் அவர்கள் செலவு. இந்தியாவிலிருந்து அதில் போகிறவர்கள் மிகக் குறைவு, கிடைப்பது கஷ்டம். கஷ்டம் என்பதற்காகக் கங்காணி பின்னால் போக வேண்டுமா? சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் வருஷக்கணக்காக ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறது. ஜே.எல்.பி.டி. பரீட்சை சென்னையிலேயே நடக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கோடம்பாக்கம், அங்கிருந்து பஸ். இரண்டு வருஷம் அலைச்சல். அந்த மொழியோடு போகிறவன் ஒரு கம்பெனியின் சொந்த ஆளாகப் போகலாம்.

நேரடி வேலையும் ஆபத்து இல்லாதது என்று யாரும் சொல்லவில்லை. நோவா என்ற பெரிய ஆங்கிலப் பேச்சுப் பள்ளி 2007 அக்டோபரில் விழுந்தபோது நாலாயிரம் அளவுக்கு வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். வாடகையைச் சம்பளத்தில் பிடித்துவிட்டு வீட்டுக்காரருக்குக் கட்டாமல் விட்டிருந்த கதையும் அதில் உண்டு. ஆனால் அவர்களுக்கு யார் மேல் வழக்குப் போடுவது என்றாவது தெரிந்தது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவன் போகத்தான் போகிறான் என்றால், இன்டர்வியூவில் "எனி கொஸ்சன்ஸ்?" என்று கேட்கும்போது சிரித்துக்கொண்டு "நோ சார்" சொல்லாமல் இருக்கட்டும். ஒப்பந்தம் ஹாக்கெனா, இதாக்குவா? வாரம் எத்தனை மணி நேரம்? ஆகஸ்டில் எவ்வளவு? இங்கே ஆள் எடுக்கும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட்டில் பதிவு பெற்றவரா? பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் அதிகபட்சம் வாங்கலாம், அதற்கு ரசீது தர வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. அந்த ஊர் டெண்டர் இந்தக் கம்பெனிக்கு அடுத்த வருஷமும் கிடைக்குமா? ஜப்பான் அரசின் நிதியாண்டும் இந்தியா மாதிரியே ஏப்ரல் முதல் மார்ச் வரைதான். டெண்டர் முடிவு சில ஊர்களில் மார்ச்சில்தான் தெரியும். பள்ளி திறப்பது ஏப்ரலில்.