பகுதி நேரப் படிப்புக்கு வழி அடைபடலாமா?

மன ஆலோசகர் தொழிலுக்குப் படிக்க விரும்பும் ஏழைகளுக்கு இதுகாறும் திறந்திருந்த ஒரு வாயில் 2025 ஆகஸ்டு மாதம் சாத்தப்பட்டது. உளவியல் முதலிய, சுகாதாரத் தொழில்களைச் சார்ந்த பாடங்களைத் தொலைநிலைக் கல்வியாகவோ இணையவழியாகவோ நடத்தலாகாது, அவ்வருஷம் ஜூலை-ஆகஸ்டு பருவம் முதல் எவரையும் புதிதாகச் சேர்க்கலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது.

அறிவிப்பின் நோக்கத்தை நாம் குறை கூற முன்வரவில்லை. துயருற்ற ஒருவரின் எதிரே ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு நாளேனும் அமர்ந்திராதவர், தபாலில் வந்த பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதி, மறுநாளே பெயர்ப்பலகை மாட்டுவது ஜனங்களுக்கு இழைக்கும் தீங்கேயாகும். ஆனால், பொய்ச் சரக்கை விலக்குகிறவர்கள் மெய்ச் சரக்கு கிடைக்கும் இடத்தையும் காட்ட வேண்டாமா? வேலையை விட்டு, முழு நேர மாணாக்கராகப் பட்டணத்தில் தங்கிப் படிக்க வசதியுள்ளவருக்கு மட்டுமே இத்தொழில் என்றால், பட்டணத்திலுள்ளவருக்கு மட்டுமே ஆலோசனை என்பதும் அதனுள் அடங்கிவிடுகிறது. 2015-16 வருஷத் தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் உள்ளவர்களில், நோய்க்குத் தக்கவாறு, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறுவதில்லை.

அனுமந்தையை எடுத்துக்கொள்வோம். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர். மோட்டாரில் போகிறவர்கள் அதைச் சுங்கச்சாவடியாக மட்டும் அறிவார்கள். உப்பளமும் கடலும் சோறு போடும் பிரதேசம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணத்தைச் சர்க்கார் அறிவித்தது. பணத்தை ஒரே தடவையில் கொடுத்து முடித்துவிடலாம். விதவையின் துக்கமும், அடுத்த வீட்டுக்காரரின் குடியும் அப்படி முடிகிற விஷயங்கள் அல்ல. வாரந்தோறும் அவர்கள் வாசலுக்கு வந்து, அவர்கள் பேச்சுமொழியிலேயே பேசிக் கேட்கும் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே தேவை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை நல்லதுதான். எனினும், குடிப்பவர் தாமாக 14416 என்ற எண்ணைச் சுழற்றுவார் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்.

இத்தகைய ஊழியத்துக்குப் பெரிய பட்டதாரிகளே வேண்டுமென்பதில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத சாதாரண மனிதர்களைப் பழக்கி, அளவு மீறிக் குடிக்கும் ஆண்களுக்கு ஆலோசனை கூறச் செய்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேர் தீங்கான குடியிலிருந்து மீண்டார்கள். ஆலோசனையும் பெற்றவர்களில் 36 பேர். 2017இல் லான்செட் பத்திரிகை இதை வெளியிட்டது. பழகுவோரின் உரையாடலைப் பதிவு செய்து, குழுவாகக் கூடிக் கேட்டுத் திருத்தினார்கள் என்பதே இதில் கவனிக்க வேண்டிய விஷயம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய ஸ்நேகா, தற்கொலையின் விளிம்பில் நிற்போரிடம் பேசும் பணியைப் பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டே நடத்தி வருகிறது. தொண்டர் வேறு, தொழிலர் வேறு என்பது வாஸ்தவம். ஆயினும் தம் ஜீவனத்துக்கு வேறு வேலை பார்ப்பவர்களும் இக்கலையைக் கற்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

வேலை செய்துகொண்டே படிப்பதற்குக் காலம் போதாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் வருஷத்துத் தேசிய ஆணையச் சட்டம், துணைநிலைத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணி நேரக் கல்வியை 2 முதல் 4 வருஷங்களில் பெற வேண்டும் என்கிறது. சுகாதாரத் தொழிலர் என்ற மேல்நிலைக்கு 3,600 மணி. காலம் 3 முதல் 6 வருஷம். 2,000 மணியை 4 வருஷத்தில் பரப்பினால் வருஷத்துக்கு 500. வாரத்துக்கு 10 மணிக்குக் குறைவு. மேல்நிலைக்குங்கூட வாரம் 12 மணிக்கு மிகாது. உப்பளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் வேலை நின்றுவிடும். அந்த 13 வாரங்களில் வாரம் 6 நாள், நாளொன்றுக்கு 6 மணி படித்தால் 468 மணி. மிச்சம் 32 மணிக்கு மற்ற ஒன்பது மாதங்கள் இருக்கின்றன! சும்மா கிடக்கும் அம்மூன்று மாதங்களுக்கென்றே தமிழ்நாட்டுச் சர்க்கார் உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. அதே மாதங்களில் படிக்க வருவோருக்கு உதவிச் சம்பளமும் சேர்த்தாலென்ன? டிப்ளமோ பெற்ற தொழிலாளர் மாலை வகுப்பில் பயின்று பொறியியல் பட்டம் பெற நம் நாட்டில் நெடுங்காலமாக ஏற்பாடு உண்டு. இரும்பைக் கையாளக் கற்பதற்குப் பொருந்திய மாலைநேரம் மனத்தைக் கையாளக் கற்பதற்கு மட்டும் பொருந்தாதா?

ஓர் ஆட்சேபம் கனமானது. சிற்றூரில் எல்லோரும் உறவு, அல்லது பகை. சொந்த ஊர்ப் பெண்ணிடம் வீட்டு ரகசியத்தை எவள் சொல்வாள்? சொன்னது கிணற்றடிக்குப் போகாதென்று யார் ஜாமீன்? சாதியும் குறுக்கே நிற்கும். இதற்குப் பயிற்சியில்தான் பரிகாரம் தேட வேண்டும்: ரகசியம் காத்தலை முதற்பாடமாக வைத்து, அதை மீறினால் பதிவேட்டிலிருந்து பெயரை அடிக்க வேண்டும். அனுமந்தையார் கூனிமேட்டிலும் கூனிமேட்டார் அனுமந்தையிலும் பணிபுரிந்தால் பாதிச் சங்கடம் தீரும். மீதிப் பாதி தீரக் காலம் பிடிக்கும்.

ஆசிரியர்களுக்கும் வெகு தூரம் போக வேண்டியதில்லை. முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. பாட வகுப்பை மரக்காணத்தில் நடத்தி, நேர்ப்பயிற்சிக்கு மட்டும் மாணாக்கரை இவ்விடங்களுக்கு அனுப்பலாம். தொலைநிலைக் கல்வியை நிறுத்திய மானியக் குழுவும், பாடத்திட்டம் வகுக்கும் தேசிய ஆணையமும், மேற்பார்வையுடன் கூடிய பகுதி நேர நேரடிப் படிப்புக்குத் தெளிவான விதிகளை வெளியிட வேண்டும். தமிழ்நாட்டுச் சர்க்கார் அதற்குக் காத்திராமல், முதல் வகுப்புக்கு இருபது பேரை இக்கரையிலிருந்தே தேர்ந்தெடுத்து, படிப்பு முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவர்களுக்குச் சம்பளத்தோடு இடம் உண்டென்று எழுத்து மூலம் உறுதி கூறட்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் இது நடக்கக்கூடிய காரியமே.